சாப்பாட்டு மணிக்குள் ஐந்து தலைப்பு

தேர்வு நடக்கும் அறையில் கண்காணிப்புக்கு நிற்பவர் உட்காரக் கூடாது, புத்தகம் படிக்கக் கூடாது, கைப்பேசியைத் தொடக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை இருக்கிறது. யோசிக்கக் கூடாது என்று அதில் இல்லை. அதனால் தங்கபுஷ்பம் டீச்சர் யோசித்துக்கொண்டு நடந்தாள். ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவுக்கு இடைப்பருவக் கணக்குத் தேர்வு. கணக்கு டீச்சர் கோமதி, தன் பாடத்துக்குத் தானே நிற்கக் கூடாது என்பதால், தமிழ் டீச்சரான இவள் நிற்கிறாள். வெளியே கார்த்திகை மழை பெய்கிறதா விட்டுவிட்டதா என்று தெரியாத மாதிரி தூறிக்கொண்டிருந்தது. மணியடிப்பதற்குள் ஐந்து தலைப்பு வேண்டும். காலையில் கையெழுத்துப் போடப் போனபோது தலைமையாசிரியர் மாசிலாமணி சார் பேனாவை நீட்டிக்கொண்டே சொல்லிவிட்டார். "நம்ம பள்ளிக்கூட வலைப்பூவுக்கு அஞ்சு கட்டுரைத் தலைப்பு, மத்தியானத்துக்குள்ள குடுத்துருங்க டீச்சர். பிள்ளைக ஆசைப்பட்டு எழுதணும். படிக்கவன் கடைசி வரைக்கும் படிக்கணும். ஆனா யாருக்கும் ஒரு மனவருத்தம் வந்துரக் கூடாது, பாத்துக்கோங்க." முதல் இரண்டும் நடந்தால் மூன்றாவது எப்படி நடக்கும் என்று கேட்டிருக்கலாம். அவள் "சரி சார்" என்றாள். இந்த உலகத்தில் அவளுக்குத் தடங்கல் இல்லாமல் வரும் வாக்கியம் அது ஒன்றுதான். பெண் பார்க்க வந்தவர்கள் போன பிறகு அப்பா சம்மதமா என்று கேட்டபோதும் அதைத்தான் சொன்னாள், தாலுகா ஆபீசில் பெயரைத் தப்பாக எழுதியவன் அப்படியே இருக்கட்டும் என்றபோதும் அதைத்தான் சொன்னாள், ஆகஸ்டு மாதத்தில் அந்தத் தொலைபேசி வந்தபோதும், சரி, அது வேண்டாம், தலைப்பை யோசிப்போம். மரம் வளர்ப்போம். வேண்டவே வேண்டாம். நெகிழியைத் தவிர்ப்போம். கைப்பேசியால் நன்மையும் தீமையும். இந்த மூன்றையும் எழுதச் சொன்னால் முப்பத்துச் சொச்சம் பிள்ளைகளும் ஒரே ஆள் மாதிரி எழுதுவார்கள், நீ வளர்க்காத மரத்தை நான் வளர்க்காத மரம் மிஞ்சும். ஜூலையில் 'நான் சென்ற சுற்றுலா' என்று கொடுத்தபோது வகுப்பு மொத்தமும் ஊட்டிக்குப் போய்வந்தது. எல்லாருக்கும் அங்கே ஒரே மாதிரிக் குளிர், எல்லாரும் ஒரே ரயிலில் போயிருக்கிறார்கள், அந்த ரயில் கைடு புத்தகத்தின் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பியது. திருச்செந்தூர் தாண்டாத பிள்ளைகள். அந்தக் கட்டுரைகளைத்தான் அவள் சாயங்காலங்களில் அடுப்படியில் உட்கார்ந்து, கைப்பேசியில் வாயால் சொல்லிச் சொல்லி ஏற்றினாள். "ஊட்டி முற்றுப்புள்ளி மிகவும் அழகான ஊர் முற்றுப்புள்ளி" என்று அவள் சொல்வதைக் கேட்டு வீட்டுக்காரர் யாரிடம் பேசுகிறாய் என்று எட்டிப் பார்த்தார். யாரிடமும் இல்லை என்றாள். அந்த வலைப்பூவைத் திறந்து பார்த்தவர்களில் பாதிப்பேர் அவளேதான், சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்த தடவைகள். மிச்சம் பாதி ஆசிரியர் அறை.

ஆசிரியர் அறை படிக்கும். அங்கேதான் யோசனை தடுக்கி நிற்கிறது. மூன்றாவது பெஞ்சில் ஒருவன் வடிவியல் பெட்டியை உருட்டுகிறான், காம்பஸ் வேண்டுமென்றால் எடுக்க வேண்டியதுதானே, ஏன் பெட்டியைக் கிலுகிலுப்பை ஆட்டுகிற மாதிரி ஆட்டுகிறான். கூடுதல் தாள் கேட்டு ஜெபின் எழுந்து நிற்கிறான், வகுப்புத் தலைவன், எதிலும் முதலில் எழுந்து நிற்பவன். நேற்றும் அவன்தான் முதலில் எழுந்தான். நேற்றுக் கடைசிப் பீரியடில் அவள் ஏதோ ஒரு வேகத்தில், பிள்ளைகளிடமே கேட்டுவிடுவோம் என்று கேட்டாள். "ஏ பிள்ளைகளா, இந்தத் தடவை தலைப்பு நீங்க சொல்லுங்க. உங்களுக்கு நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு ஆசையா இருக்கது எதுவோ, அதைச் சொல்லுங்க. எது வேணும்னாலும் எழுதலாம்." ஜெபின் எழுந்து, "மரம் வளர்ப்போம் டீச்சர்" என்றான். பின்னாலேயே எல்லாரும் மரம் வளர்த்தார்கள். ஒன்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகள் படித்துக்கொண்டது இது, டீச்சர் எதைக் கேட்டாலும் டீச்சருக்குப் பிடித்ததைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் கடைசி பெஞ்சில் மாரிச்செல்வி எழுந்தாள். எழுந்திருக்காத பிள்ளை. வருகைப் பதிவுக்கே பாதி "உள்ளேன்" சொல்லுவாள், மீதியை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். "எது வேணும்னாலும் எழுதலாமா டீச்சர்?" "எழுதலாம்ட்டி." "நீங்க ஏன் தனியா சாப்பிடுதியன்னு எழுதலாமா?" கேலி இல்லை அந்தக் குரலில், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரல். முன்பெஞ்சுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. அவளுக்குக் காதுக்குப் பின்னால் சூடு ஏறியது. "உக்காரு" என்றாள். அது மட்டும்தான் சொன்னாள். மாரிச்செல்வி உட்கார்ந்தாள். பிறகு மணியடித்துவிட்டது, மணி அடித்தது நல்லதாகப் போயிற்று. இப்போது அதே கடைசி பெஞ்சில் தலை குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறாள், எண்ணெய் வைத்துப் பின்னிய சடையில் நாடாவின் ஒரு காது மட்டும் நீளமாக. தங்கபுஷ்பம் அந்த வரிசையை விட்டுவிட்டு அடுத்த வரிசையில் நடந்தாள். பார்க்கவில்லை, ஆனால் பார்க்காமல் நடக்கிறோம் என்பது காலுக்குத் தெரிந்தது.

கரும்பலகையில் நேரத்தை அழித்து எழுதினாள். வேறு தலைப்பு. வெள்ளம் வந்த வருஷம் எங்கள் வீடு. ஆற்றங்கரை ஊர், ஒவ்வொருவரும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், ஊட்டி எல்லாம் வராது, மச்சில் ஆடு ஏறினது வரும், பீரோ மிதந்தது வரும். ஆனால் சோறு வந்ததா, படகு வந்ததா, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதும் வரும், மாசிலாமணி சார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஒரு தலைப்பு செத்தது என்று அர்த்தம். சரி, முடி வெட்டு. பையன்கள் உயிரைக் கொடுத்து எழுதுவார்கள், ஆனால் உடற்கல்வி சாரைப் பற்றித்தான் எழுதுவார்கள். பட்டப்பெயர்கள். ஐயோ. அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கும், என்னவென்று தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் பயமும் சம அளவில் இருக்கிறது. பஸ்ஸில் சன்னல் இருக்கை. பிடிக்காத காய்கறி. பிடிக்காத காய்கறி நல்ல தலைப்புத்தான், யாரும் வருத்தப்பட மாட்டார்கள், காய்கறி வந்து மனுக் கொடுக்காது. காய்கறி என்றதும் பசித்தது. பையில் டப்பாவில் சீனியவரைக்காய் பொரியல் இருக்கிறது, தேங்காய் கொஞ்சம் தாராளமாகப் போட்டது. கோமதிக்குச் சீனியவரைக்காய் என்றால் போதும். ஆசிரியர் அறையில் பெண்கள் ஆறு பேரும் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டுச் சாப்பிடுவார்கள். டப்பா மூடியை மல்லாத்திப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் பழக்கம். யாரும் யாரிடமும் கேட்பதில்லை, வேண்டுமா என்று சொல்வதுமில்லை, அவரவர் தொடுகறியை எடுத்து மற்றவர்கள் மூடியில் வைத்துக்கொண்டே போவார்கள். ஆறு வீட்டுக் குழம்பும் கூட்டும் மூடிக்கு வந்துவிடும். இந்தப் பள்ளிக்கூடத்தில் பதினான்கு வருஷம் அவள் தன் சமையலை மட்டும் சாப்பிட்டதே இல்லை. கோமதி வைக்கும்போது மட்டும் "எந்திரிச்சு வாங்கிக்க மாட்டியோ மகாராணி" என்று சொல்லிக்கொண்டே வைப்பாள், உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான்.

அந்தத் தொலைபேசி. சரி, யோசித்துவிடுவோம், யோசிக்காமல் விடாது. ஆகஸ்டில் எல்லா ஆசிரியர்களும் ஒருநாள் வேலைநிறுத்தம். இவளும் போவதாகத்தான் இருந்தது, தாலுகா ஆபீஸ் முன்னால் ஆர்ப்பாட்டம், கோமதியோடு ஒரே ஆட்டோவில் போவதாகப் பேச்சு, வெயிலுக்குக் குடைகூட எடுத்து வைத்துவிட்டாள். முதல் நாள் சாயங்காலம் மாசிலாமணி சார் கூப்பிட்டார். "டீச்சர், நீங்க ஒருத்தர் வந்துட்டாப் போதும். பள்ளிக்கூடத்தப் பூட்டிட்டாங்கன்னு பேரு வராது. சத்துணவுக்கு வார பிள்ளைகளத் திருப்பி அனுப்ப முடியுமா, சொல்லுங்க." மெதுவாகத்தான் கேட்டார். அதட்டியிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பாளோ என்னவோ. சத்தமில்லாமல் கேட்பவர்களிடம் அவளுக்கு வாய் எழும்பாது. "சரி சார்" என்றாள். கோமதிக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், எப்படிச் சொல்வது என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே இருந்ததில் விடிந்துவிட்டது, சீக்கிரமே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள், ஆட்டோ வீட்டு வாசலில் வந்து நின்று போயிருக்கும். அதற்கு மறுநாள் யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருக்கலாம். மேசையைச் சேர்த்துப் போட்டார்கள், டப்பாக்களைத் திறந்தார்கள், ஆர்ப்பாட்டத்தில் யாருடைய செருப்போ அறுந்துபோய் ஒற்றைச் செருப்போடு கோஷம் போட்ட கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். மூடியை மல்லாத்தி வைத்திருந்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த மூடியில் ஒன்றும் வந்து விழவில்லை. கழுவ வேண்டிய வேலைகூட இல்லை, துடைத்த மாதிரி இருந்தது. மறுநாள் பேப்பர் திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஒன்பது ஆ-வுக்கு வந்துவிட்டாள். பிள்ளைகள் எல்லாம் சத்துணவுக்கு வராந்தாவில் இருப்பார்கள், அறை காலியாகக் கிடக்கும். அன்றைக்கு ஒரே ஒரு பிள்ளை உள்ளே இருந்த மாதிரியும் இவளைக் கண்டதும் தட்டோடு எழுந்து போன மாதிரியும் ஞாபகம், யாரென்று கவனிக்கவில்லை, அன்றைக்கு இருந்த இருப்பில் எதைக் கவனித்தாள். அழுகை வருமோ என்று கதவைச் சாத்தினாள். வரவில்லை. சோறுதான் இறங்கவில்லை. அன்றிலிருந்து இங்கேதான். பேப்பர் திருத்துவதற்கு ஒரு முடிவு உண்டு என்று மற்ற ஐந்து பேருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை.

"டீச்சர், நூலு." முன்பெஞ்சுப் பிள்ளை கூடுதல் தாளைக் கட்ட நூல் கேட்டது. கொடுத்தாள். மாரிச்செல்வி அதை எழுதினால் எப்படி எழுதுவாள். 'எங்கள் தங்கபுஷ்பம் டீச்சர் தினமும் தனியாகச் சாப்பிடுகிறார்கள் முற்றுப்புள்ளி.' இதை வாயால் சொல்லி ஏற்ற வேண்டியதும் இவள்தான், அடுப்படியில், வீட்டுக்காரர் எட்டிப் பார்க்க. 'அவர்களுக்கு யாரும் இல்லை.' இல்லை, அப்படி எழுத மாட்டாள், எழுதினாலும் எழுதுவாள், பிள்ளைகளுக்கு ஒளித்துப் பேசத் தெரியாது. அது ஆசிரியர் அறையில் கைக்குக் கை மாறும். கோமதி படிப்பாள். படித்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டாள், ஆனால் மனதுக்குள் நினைத்துக்கொள்வாள், பிள்ளைகளை விட்டு எழுத வைத்திருக்கிறாள் பார் என்று. அதற்கப்புறம் அந்த மேசைக்குத் திரும்பிப் போக வழியே கிடையாது. இப்போதாவது என்றைக்காவது போகலாம் என்று இருக்கிறது. போகலாம் என்று இருக்கிறதா? மூன்று மாதமாகப் போகவில்லையே. அது வேறு. போகாமல் இருப்பது வேறு, போக முடியாமல் ஆவது வேறு. அந்தத் தலைப்பு வேண்டாம். ஆனால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, எது வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொன்ன வாய் இது. இருக்கிற பிள்ளைகளில் ஒரே ஒரு பிள்ளை எழுந்து, மரத்தை விட்டுவிட்டு, தனக்கு நிஜமாகத் தெரிய வேண்டியதைக் கேட்டது. அதை உட்காரு என்று சொல்லி உட்கார வைத்தாயிற்று. இனி அதுவும் மரம் வளர்க்கும். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது, எது வேண்டுமானாலும் என்றால் எதுவரைக்கும் என்று எல்லாருக்கும் நேற்றுப் புரிந்துவிட்டது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை, மூடி காலியாக இருந்ததைவிட. இருபது வருஷமாகப் பிள்ளைகளிடம் சொந்தமாக எழுது, சொந்தமாக எழுது என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறாள், சொந்தமாக ஒரு வாக்கியம் வந்தபோது பயந்துபோனது யார். அந்தப் பிள்ளைமேல் கோபமும் வந்தது. உனக்கென்னட்டி வந்தது, நான் எங்கே சாப்பிட்டால் உனக்கென்ன. பாவப்பட்டுக் கேட்டாளோ. ஒரு பதினாலு வயதுப் பிள்ளை பார்த்துப் பாவப்படுகிற நிலைமைக்கு வந்தாயிற்று. அது வேறு கண்ணைக் கரிக்க வைத்தது, சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் தகரத்திலிருந்து தண்ணீர் ஒரே கோடாக வடிந்துகொண்டிருந்தது.

நேரம் எழுதினாள், இன்னும் கொஞ்சம்தான். இரண்டு தலைப்புக்கூடத் தேறவில்லை. பிடிக்காத காய்கறி ஒன்று. சன்னல் இருக்கை ஒன்று. மிச்சத்துக்கு மரம், நெகிழி, கைப்பேசி என்று எழுதிக் கொடுத்துவிட்டால் மாசிலாமணி சார் நன்றாக இருக்கிறது என்பார், எல்லாருக்கும் நிம்மதி. ஒரு யோசனை வந்தது, அந்தப் பிள்ளையிடமே தனியாகக் கேட்டுவிட்டால் என்ன, ஏன் கேட்டாய் என்று. வந்த வேகத்தில் அதற்கும் பயம் வந்தது. அதற்குள் மணி அடித்தது. வரிசையாகத் தாள்களை வாங்கினாள், எண்ணி அடுக்கினாள், பிள்ளைகள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடின. வழக்கமாகத் தாள் கட்டை ஜெபினிடம் கொடுத்துக் கோமதியிடம் அனுப்பிவிடுவாள், அவன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். "நீ சாப்பிடப் போ" என்றாள், ஏன் சொன்னோம் என்று தெரியாமல். மாரிச்செல்விதான் கடைசியாகப் பைக்குள் பேனாவை வைத்துக்கொண்டிருந்தாள்.

"மாரிச்செல்வி, இங்க வா. நேத்து ஒண்ணு கேட்டேல்லா."

"தப்புன்னா வேண்டாம் டீச்சர். மரமே எழுதிருதேன்."

"மரம் கெடக்கட்டும். எதுக்குக் கேட்ட?"

மாரிச்செல்வி கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க வாரதுக்கு முந்தி நாந்தான் டீச்சர் இங்கன சாப்பிடுவேன். தட்டுல வாங்கிட்டு வந்து, அந்த சன்னலோரமா. நீங்க எப்பம் திரும்ப உங்க ரூமுக்குப் போவியன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்னு கேட்டேன்."

தங்கபுஷ்பத்துக்கு ஞாபகம் வந்தது, அன்றைக்குத் தட்டோடு எழுந்து போனது இந்தப் பிள்ளைதான். மூன்று மாதமாகத் தனக்குள் சுற்றிச் சுற்றி வந்ததில் இந்தப் பக்கம் ஒரு வாசல் இருந்ததே தெரியவில்லை. "இப்பம் எங்க சாப்பிடுத?"

"சைக்கிள் ஸ்டாண்டுல. ஓரமா நின்னா நனையாது."

"ஏன், மத்த பிள்ளைகளோட உக்கார வேண்டியதுதான? சண்டையா?"

"சண்டை ஒண்ணும் இல்ல டீச்சர். வீட்ல பதினோரு பேரு, ரெண்டு ரூம். எப்பமும் யாராவது பேசிக்கிட்டே இருப்பாவ. மத்தியானம் மட்டுந்தான் ஒருத்தரும் பேசாம இருக்கும். அதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்களுக்கும் அப்படித்தான் போலன்னு நெனச்சேன். கொடுத்து வச்சவியன்னு" என்றாள்.

பாவப்படவில்லை, பொறாமைப்பட்டிருக்கிறது. தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பு வந்தது, அதோடு வெட்கமும். "நீ பாட்டுக்கு வந்து அங்க உக்காந்துக்கோ. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"நீங்க இருந்தா ஒழுங்கா உக்காரணும்லா டீச்சர்" என்றாள் மாரிச்செல்வி, மிகுந்த மரியாதையோடு.

அதற்குமேல் அந்த அறையில் இவளுக்கு என்ன வேலை. பையை எடுத்தாள், டப்பாவை எடுத்தாள், தாள் கட்டை இடுக்கிக்கொண்டாள். வாசலுக்குப் போனவள் திரும்பி வந்து, பலகையில் நேரத்தை அழித்துவிட்டு, பெரிதாக எழுதினாள்: யாரும் இல்லாமல் நான் இருக்கும் இடம். "இதை எழுதுவியா?" மாரிச்செல்வி எழுத்துக் கூட்டுகிறவள் மாதிரி மெதுவாகப் படித்தாள். "எந்த இடம்னு பேரு போடணுமா? போட்டா எல்லாரும் வந்துருவாவளே." "போட வேண்டாம்." "அப்ப எழுதுதேன்." தட்டை எடுக்க அவள் ஓடினாள்.

வராந்தாவில் மாசிலாமணி சார் எதிரே வந்தார். "தலைப்பு ஆச்சா டீச்சர்?" பலகையில் எழுதிய அந்த ஒன்றை மட்டும் சொன்னாள். அவர் கண்ணாடியில் கை வைத்தார், யோசித்தார், கழற்றவில்லை. "நல்லாத்தான் இருக்கு. ஒண்ணுதானா? மரம் வளர்ப்போம்னு கூட ஒண்ணு சேத்துக்கிடுங்களேன்." மெதுவாகத்தான் கேட்டார். "வேண்டாம் சார்" என்றாள் தங்கபுஷ்பம். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அவர் கொஞ்சம் பார்த்துவிட்டு, "சரி டீச்சர்" என்று போய்விட்டார். அவ்வளவுதானா. இதைச் சொல்லவா இத்தனை வயது வரைக்கும் பயந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் சாயங்காலம் இதே வார்த்தையை எடுத்திருந்தால் என்று மனசு ஆரம்பித்தது, அதை அங்கேயே நிறுத்தினாள், கையில் கணக்குத் தாள்கள் கனத்தன.

ஆசிரியர் அறையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். ஐந்து டப்பா, ஐந்து மூடி. இவள் நேரே உள்ளே போனாள். தாள் கட்டைக் கோமதி பக்கத்தில் வைத்து, "முப்பத்தாறு இருக்கு, ரெண்டு பேரு வரல" என்றாள். கோமதி கட்டைப் பார்த்தாள், இவளைப் பார்க்கவில்லை. தங்கபுஷ்பம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாற்காலி எழுப்பிய சத்தம் பெரிதாக இருந்தது. டப்பாவைத் திறந்தாள். மூடியை மல்லாத்தப் போன கை நின்றது. அன்றைக்கு மூடி காலியாக இருந்தது என்று இத்தனை நாள் மனசு புழுங்கினாளே, அன்றைக்கு டப்பா நிறையப் பொரியலை வைத்துக்கொண்டு இவள் யார் மூடியில் வைத்தாள்? ஒருத்தர் மூடியிலும் இல்லை. எடுத்து வைத்திருந்தால் கோமதி தட்டியா விட்டிருப்பாள், விட்டிருந்தாலும் விட்டிருப்பாள், தெரியாது. இன்றைக்கும் தெரியாது. கரண்டியால் சீனியவரைக்காயை அள்ளிக் கோமதியின் மூடியில் வைத்தாள். கொஞ்சம் மேசையில் சிந்தியது. "அன்னைக்கு ஆட்டோவுக்கு நான் வந்திருக்கணும்" என்றாள். கோமதி தன் சோற்றைப் பிசைந்தாள், இரண்டு கவளம் சாப்பிட்டாள், மூன்றாவது கவளத்தோடு மூடியிலிருந்து கொஞ்சம் எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

"உப்பு பத்தல" என்றாள்.

உப்பு சரியாகத்தான் இருந்தது, காலையில் பார்த்துத்தான் போட்டது. தங்கபுஷ்பம் டப்பா மூடியைத் திருப்பி மல்லாத்தி வைத்தாள்.